களிற்றுத் தடத்தில் களியாட்டு மனைகள்

கோடை தொடங்கிவிட்டால் அன்பர் சிலரிடமிருந்து ஆண்டுதோறும் ஒரே வகை மடல்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. "பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது, முதுமலைக் காட்டைக் காட்டி வர எண்ணுகிறோம், தாங்கள் அப்பக்கம் சென்று வந்தவராயிற்றே, தங்குதற்கு நல்ல 'ரிசார்ட்டு' ஒன்று தெரிந்தால் எழுதுங்கள்" என்பதே அம்மடல்களின் சாரம். இவ்வாண்டு வந்த ஒரு மடலுடன் வண்ணத்தாளில் அச்சிட்ட விளம்பரம் ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. நீச்சற்குளத்தின் கரையில் நாற்காலி. நாற்காலியில் ஓர் இணையர். அவர்களுக்குப் பின்னால், ஏதோ வீட்டு மாட்டைக் கட்டி வைத்ததுபோல், ஓர் யானை. "அறையிலிருந்தே யானையைப் பார்க்கலாம்" என்று கீழே எழுதியிருந்தது.

மடல் எழுதியவர்கள் தீயவர்கள் அல்லர். தம் பிள்ளைகள் காடு பார்க்க வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் பாராட்டத்தக்கவரே. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்விக்குத் தனித்தனியே விடை எழுதுதல் எம்மால் இயலாது. அறையிலிருந்தே யானையைப் பார்க்கலாம் என்றால், அவ்வறை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதன்றோ முதற்கேள்வி? அக்கேள்விக்குள் காடும், சட்டமும், மலைவாழ் மக்களின் வயிறும், நம் பொறுப்பும் ஒருங்கே அடங்கியிருத்தலின் இவ்வாசிரியவுரையிலேயே அதனை எடுத்துக்கொள்கின்றோம்.

முதுமலையின் கிடக்கையை முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும். 1940-ஆம் ஆண்டில் விலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட அக்காடு, படிப்படியாக விரிந்து, இன்று 321 சதுரக் கிலோமீட்டர் நடுப்பகுதியாகவும், 2007 முதல் புலிகள் காப்பகமாகவும் விளங்குகின்றது. அதனுள் 103 சதுரக் கிலோமீட்டர் நாட்டுப் பூங்கா. வடக்கே கருநாடகத்தின் பந்திப்பூர். மேற்கே கேரளத்தின் வயநாடு. கிழக்கே சீகூர் மேட்டுநிலம். அதனையும் கடந்தால் சத்தியமங்கலக் காடுகள். மாந்தன் கோடு கிழித்து மூன்று மாநிலமாக்கிக்கொண்டான். யானைக்கு அது ஒரே காடு. 1986-இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலமலைப் பகுதி அறிவிக்கப்பட்டதும் இவ்வொருமை கருதியே.

இவற்றுள் சீகூர் மேட்டுநிலந்தான் சிக்கலின் முடிச்சு. அதன் தெற்கே நீலமலையின் செங்குத்துச் சரிவு. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டையூசி வளைவுகள் உள்ளமையே அச்சரிவின் கடுமைக்குச் சான்று. வடக்கே மாயாறு அறுத்துச் சென்ற ஆழ்ந்த கிடங்கு. ஏற இயலாத மலைக்கும் இறங்க இயலாத ஆற்றுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தின் வழியாகத்தான், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு யானைகள் சென்று மீள வேண்டும். வேறு வழி இல்லை. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும்; நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். ஓரிடத்திலேயே நின்றால் அவ்விடம் மொட்டையாகிவிடும். ஆகவே அது நடக்கிறது. மழை எப்பக்கம் பெய்கிறதோ, புல் எப்பக்கம் தளிர்க்கிறதோ அப்பக்கம் நடக்கிறது. இதற்குத் தமிழில் 'வலசை' என்னும் அழகிய சொல் உண்டு. அவ்வழியைத் தாய்ப்பிடி தன் தாயிடம் கற்றது. கன்று தாய்ப்பிடியிடம் கற்கிறது. எவரும் பட்டா எழுதித் தரவில்லை என்பதற்காக அது வழியில்லை என்றாகிவிடுமா?

அந்த ஒடுங்கிய நிலத்தின் நடுவில்தான் நம் களியாட்டு மனைகள் எழுந்தன. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே சென்று வந்தோர்க்கு விளங்கும். வேளாண்மைக்கென வாங்கிய நிலம் விருந்தகமாயிற்று. வீடு என்று இசைவு பெற்ற கட்டடம் பத்து அறைகளாயிற்று. பத்து அறைகளைச் சுற்றி மின்வேலி எழுந்தது.

சில ஆண்டுகட்கு முன்னர் நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் யாமும் அத்தகைய மனையொன்றில் ஓரிரவு தங்க நேர்ந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. உணவுக் கூடத்தின் பின்புறம் உப்புக்கட்டி வைத்து மான்களை வரவழைத்திருந்தனர். அம்மான்கள்மேல் வெள்ளொளி விளக்கைப் பாய்ச்சி, உண்டுகொண்டிருந்தோர் கைதட்டினர். முற்றத்தில் தீ மூட்டி, ஒலிபெருக்கியில் எந்த மொழி என்றே தெரியாத பாட்டு நள்ளிரவு வரை முழங்கியது. பதினொரு மணிக்கு மேல் ஓர் ஊர்தி வந்து நின்றது. தலைக்கு இவ்வளவு என்று தொகை பெற்றுக்கொண்டு, 'இரவு சபாரி' என்று சொல்லி அறுவரை ஏற்றிச் சென்றது. காட்டினுள் இரவில் செல்லுதல் குற்றம் என்று யாம் சொன்னதற்கு, "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம் சார்" என்று விடை வந்தது. யார் பார்த்துக்கொண்டார்களோ அறியோம்.

வேலியோரம் காவலுக்கு நின்றிருந்தவர் இருளர் இளைஞர் ஒருவர். உறக்கம் வராமையால் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். முன்பு கிழப்பிடி ஒன்று முன்செல்ல, ஏழெட்டு யானைகள் அம்மனைக்குப் பின்னுள்ள ஓடைக்கு வந்து நீரருந்திப் போகுமாம். "வேலி போட்ட பொறவு ஆனைங்க இந்தப் பக்கம் வர்றதில்லைங்க ஐயா. சுத்திக்கிட்டு எங்க ஊருக்குள்ளாற வருதுங்க. போன வருசம் எங்க மாமன் போட்ட ராகி பூரா போச்சுங்க" என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. அதில் முறையீட்டின் தொனிகூட இல்லை. மின்வேலி யானையைத் தடுப்பதில்லை. செல்வன் வாயிலிலிருந்து ஏழை வாயிலுக்குத் திருப்பிவிடுகிறது. இதனை நமக்கு உணர்த்துதற்கு எந்த ஆராய்ச்சி நூலும் வேண்டியதில்லை. அந்த இளைஞரின் ஊர்க்குடிசைகளுக்கு வேலியும் இல்லை, விளக்கும் இல்லை. அவருடைய மாமனின் கேழ்வரகு யானை வயிற்றுக்குள் போன இரவில், யாம் தங்கியதைப் போன்றதோர் அறையிலிருந்து யாரோ யானை வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்திருப்பர்.

சட்டம் உறங்கிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 2010-ஆம் ஆண்டு தமிழக அரசு சீகூர்ப் பகுதியின் யானைத் தடத்தை அறிவிக்கை வழியாக வரையறுத்தது. அதனை எதிர்த்து மனையுடையோர் சென்னை உயர் நயன்மன்றத்தை நாடினர். 2011 ஏப்பிரலில் வந்த தீர்ப்பு, அரசின் அறிவிக்கையை நிலைநாட்டியது. உடனே உச்ச நயன்மன்றத்திற்குச் சென்றனர். அங்கே வழக்கு ஆண்டுக்கணக்கில் நின்றது. 2018 ஆகத்துத் திங்களில், உரிய இசைவின்றி இயங்கிய மனைகளை 48 மணி நேரத்திற்குள் பூட்டி முத்திரையிடுமாறு உச்ச நயன்மன்றம் பணித்தது. பல மனைகள் பூட்டப்பட்டன. இறுதியாக 2020 அக்தோபர் 14-இல், யானைத் தடம் செல்லும் என்றும், அரசுக்கு அதனைக் காக்கும் கடமை உண்டு என்றும் தீர்ப்பாயிற்று. நிலவுடையோரின் மறுப்புகளைக் கேட்டு ஆய்தற்கு ஓய்வுபெற்ற உயர் நயன்மன்ற நடுவர் ஒருவர் தலைமையில் குழுவும் அமைக்கப்பட்டது. அறிவிக்கைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பத்தாண்டுகள். ஒரு பிடி சூல் கொண்டு ஈன இருபத்திரண்டு திங்கள் ஆகும் என்பர். அப்படிப் பார்த்தால் நம் நயன்மன்றங்கள் ஐந்து யானைக் கன்றுகளைச் சுமக்கும் காலத்தை இவ்வொரு தீர்ப்புக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன.

தீர்ப்பு வந்து மூன்று திங்கள் கழிந்து நிகழ்ந்ததைப் பலரும் மறந்திருக்கலாம், யாம் மறக்கவில்லை. 2021 சனவரியில் மசினகுடிப் பகுதியில், முன்னரே முதுகுப் புண்ணால் நலிந்திருந்த ஒரு களிறு, ஊரோரமாகத் தீனி தேடித் திரிந்துகொண்டிருந்தது. காட்டுத்துறையினர் பழங்களுள் மருந்தை வைத்து அதற்குக் கொடுத்து வந்தனர். அக்களிறு தங்கல் மனையொன்றின் பக்கம் வந்தபோது, உள்ளிருந்தோர் எரியும் உருளைப்பட்டையை அதன்மேல் எறிந்தனர். தீப்பற்றிய செவியோடு அது இருளுக்குள் பிளிறிக்கொண்டு ஓடிய காட்சியைப் படமெடுத்தவரும் அவர்களுள் ஒருவரே. செவி வெந்து அரத்தம் வடிந்தது. தெப்பக்காட்டு முகாமுக்குக் கொண்டு செல்லும் வழியில், சனவரி 19-ஆம் நாள், ஊர்தியிலேயே அது உயிர்விட்டது. அதன் துதிக்கையைத் தடவியபடி காட்டுத்துறைப் பணியாளர் ஒருவர் குழந்தைபோல் அழுத காட்சியை நாடே பார்த்தது. இருவர் தளையிடப்பட்டனர், மனை பூட்டப்பட்டது. யானையைத் தீயால் விரட்டியோரை நாம் சினந்து பேசுவது எளிது. விருந்தினர் அறைவாயிலில் யானை வந்துவிட்டால் விரட்டித்தானே ஆகவேண்டும்? அவ்வறையைத் தொகை கொடுத்து எடுப்போர் இருக்கும்வரை தீயும் இருக்கும். அதனால்தான் இவ்வுரை மனையுடையோரை நோக்கி எழுதப்படவில்லை. மடல் எழுதிய நம் அன்பர்களை நோக்கி எழுதப்படுகிறது.

தீ எறிதல் கொடுமை என்று எவரும் ஒப்புவர். தீனி எறிதலும் கொடுமையே என்பதை எத்தனை பேர் ஒப்புவர்? வாழைத்தோட்டம் பக்கத்தில் துதிக்கை நுனியில் காயமுற்று மூச்சுவிட இடர்ப்பட்ட களிறு ஒன்று இருந்தது. இரக்கத்தாலும், வந்தோர்க்கு வேடிக்கை காட்டும் விருப்பத்தாலும் பலர் அதற்குப் பழமும் பிறவும் கொடுத்துப் பழக்கிவிட்டனர். காட்டுக்குள் தேடி உண்ணும் வழக்கத்தை அது கைவிட்டு, ஊர்த்தெருக்களில் நின்றது. 2021 மே திங்களில் அதனைக் கூண்டில் அடைத்து மருத்துவம் பார்த்து, ஆகத்தில் தொலைவான காட்டுக்குள் கொண்டுபோய் விட்டனர். அதுவோ நடந்தே பழைய இடத்திற்குத் திரும்பிவிட்டது! பின்னர் அதனைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியதாயிற்று. அக்களிற்றுக்கு ஊரார் இட்ட பெயர் 'ரிவால்டோ'. பிரேசில் நாட்டுக் காற்பந்தாட்டக்காரர் ஒருவரின் பெயராம். யானைக்கென்றே களிறு, வேழம், கைம்மா, ஒருத்தல், தும்பி என்று எண்ணிறந்த சொற்களைப் பெற்ற மொழி வழங்கும் மண்ணில், ஒரு யானைக்குப் பெயரிடப் பிரேசில் வரை போக வேண்டியிருந்தது! எனினும் அவ்விலங்கின்மேல் குற்றம் என்ன இருக்கிறது?

சொல் என்றதும் நம் அன்பர்கள் நிமிர்ந்து உட்காருவர் என்பதை அறிவோம். ஆம், அவ்வூர்களில் பலகைகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. தமிழில் எழுதியவையும் 'ரிசார்ட்', 'சபாரி' என்றே எழுத்தை மட்டும் மாற்றி நிற்கின்றன. அரசே 'காடு' என்னும் சொல்லை விட்டு 'வனம்' என்று தன் துறைக்குப் பெயர் வைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் கண்டிக்கின்றோம். ஆனால் ஒன்று சொல்வோம். 'உல்லாச விடுதி' என்பதைத் 'தங்ககம்' என்றும், 'சபாரி' என்பதைக் 'காட்டுலா' என்றும் தூய தமிழில் மாற்றி எழுதிவிட்டு, அதே தடத்தில் அதே மின்வேலியோடு அதே மனை நின்றால், நாம் காத்தது எதனை? பலகையின் மொழி மாறியதால் கிழப்பிடிக்கு ஓடை கிடைத்துவிடாது. சொல் வாழ வேண்டுமானால் அச்சொல் குறிக்கும் பொருளும் வாழ வேண்டும். 'பாறு' என்னும் பழஞ்சொல்லைப் பாருங்கள். பிணந்தின்னும் கழுகுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் அது. நூலோடு நூலாகக் கிடந்த அச்சொல்லை, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளைக் காக்கப் பாடுபடும் பறவையன்பர்கள் மீண்டும் வழக்கிற்குக் கொண்டு வந்தார்கள். மாட்டுக்குப் போடும் வலிநீக்கி மருந்தொன்று, இறந்த மாட்டின் ஊன் வழியாகப் பாறுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதும், 2006-இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டதும் தெரிந்த செய்திகளே. அங்கே பறவையும் சொல்லும் ஒன்றாகவே அழிவின் விளிம்பிற்குச் சென்றன, ஒன்றாகவே மீட்கப்படுகின்றன. எமக்கு உவப்பளித்த தமிழ்ப்பணிகளுள் அதுவும் ஒன்று. அதனைச் செய்தோர் தம்மைத் தமிழ்ப்பணி செய்வோராகக்கூட எண்ணியிருக்க மாட்டார்கள்.

காட்டுக்குப் போவது எப்படி என்பதை நமக்கு வெளிநாட்டார் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னன் என்னும் மன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியைச் சொல்லும் நூல். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியைப் பகலில் கடந்து செல்க என்கிறது. பாம்பு உறையும் இடம் பார்த்துப் போகச் சொல்கிறது. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்குத் தப்பும் வழி சொல்கிறது. பாசி படிந்த நீர்க்கரையில் கால் வழுக்கும் என்று எச்சரிக்கிறது. இருட்டிவிட்டால் நடவாமல் குகையில் தங்கி, விடிந்தபின் செல்லச் சொல்கிறது. மலையில் எழும் ஓசைகளை ஒன்றொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. அதாவது, காட்டுக்குப் போகிறவன் தன் ஓசையை அடக்கிக் காட்டின் ஓசையைக் கேட்க வேண்டும் என்பது அதன் கருத்து. அக்கூத்தர்களும் வழியில் விருந்துண்டார்கள். மலையூர்களில் அவ்வூரார் இட்டதை உண்டார்கள். இன்றைக்குப் பந்திப்பூர் வழியாக மைசூர் செல்லும் சாலையில் 2009 முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை ஊர்திகளுக்குத் தடை உள்ளது. இரவில் சாலையைக் கடக்கும் விலங்குகள் ஊர்திகளில் அடிபட்டுச் சாவதால் வந்த தடை. அதனை ஏதோ பிறர் நமக்கு இட்ட விலங்கு என்பதுபோல் சிலர் முணுமுணுக்கின்றனர். இரவில் காட்டைக் கடவாதே என்று சொல்லிப் பதினேழு பதினெட்டு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, ஐயன்மீர்!

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தடத்தினுள் எல்லாரும் விருந்தக முதலாளிகள் அல்லர். இரண்டு ஏர் நிலத்தில் தலைமுறைகளாக உழுது உண்பவர்கள் இருக்கின்றனர். இருளரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் கோடு வரையப்படுவதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள். வேலிக்குள் நீச்சற்குளம் கட்டியவனையும், குடிசைமுன் அவரைக்கொடி படரவிட்டவளையும் ஒரே கோட்டுக்குள் அடைத்து ஒரே ஓலை அனுப்புவது நயனாகாது. 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம் மலைவாழ் மக்களுக்கு அளித்த உரிமைகளை யானையின் பெயரால் மறுப்பதும் ஆகாது. யானையைப் பேணத் தெரிந்தவர்களும் அவர்களே அல்லரோ? தெப்பக்காட்டு முகாமின் பாகர்களுள் பெரும்பாலார் அம்மலைக் குடியினரே. தாயிழந்த கன்றுகளைத் தம் பிள்ளைகளாய் வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய படம் 2023-இல் ஆசுக்கர் விருது பெற்றபோது நாம் எல்லாரும் பெருமை கொண்டாடினோம். மனைகள் பூட்டப்பட்டபோது வேலையிழந்த காவலாளியும் துப்புரவுப் பெண்ணும் சமையற்காரரும் அதே குடியினர்தாம் என்பதை நினைத்தவர் சிலரே. காட்டைக் காப்பதற்கான முதல் விலையை அதனைக் கெடுக்காதவர்கள் கொடுப்பது என்ன முறை? களைச்செடியாகக் காடெங்கும் பரவிய உண்ணிச்செடியை அகற்றுதல், தீத்தடுப்புக் கோடு வெட்டுதல், தடங்காணுதல், பயணியர்க்கு வழிகாட்டுதல் ஆகிய பணிகளை அவர்களுக்கே நிலையான ஊதியத்தோடு அளிக்க அரசால் இயலாதா? இயலும். மனம் வேண்டும்.

2024-இல் தமிழகக் காடுகளில் எடுத்த கணக்கின்படி யானைகள் 3,063. எண் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. எண் பெருகி, நடக்கும் வழி குறுகினால் நேர்வது என்ன என்பதைக் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து உழவரைக் கேட்டால் சொல்வர். அதனை இன்னொரு முறை விரிவாக எழுதுவோம்.

இனி மடலெழுதிய அன்பர்களுக்கு விடை. மனைப்பெயர் எதனையும் யாம் தரப்போவதில்லை. கூடலூரிலோ உதகையிலோ ஊருக்குள் உள்ள விடுதியில் தங்குங்கள். உதகைப் பக்கம் செல்வோர் 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த இசைவுச்சீட்டு முறையை முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். தெப்பக்காட்டில் காட்டுத்துறையின் சொந்தத் தங்கலறைகள் சில உள்ளன. முன்பதிவு செய்தால் கிடைக்கக்கூடும். காட்டுக்குள் துறையின் ஊர்தியில் மட்டும் செல்லுங்கள். யானையைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளை அழுதால், முகாமில் கேழ்வரகும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த கவளத்தை யானைக்கு ஊட்டும் வேளையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். சாலையோரம் ஊர்தியை நிறுத்தாதீர்கள். குரங்குக்குக் கடலை எறியாதீர்கள். எதையுமே காணாமல் திரும்பினாலும் குறையில்லை. சுவடு பார்த்தோம், இலத்தி பார்த்தோம், உரிந்த மரப்பட்டை பார்த்தோம் என்று பிள்ளை சொல்லுமானால் அது காடு பார்த்துவிட்டது.

கோடையில் போக வேண்டா. காடு காய்ந்து, தீ அச்சம் மிகுந்து, விலங்குகள் எஞ்சிய நீரைத் தேடி அலையும் வேளை அது. மழை நின்று புல் தழைத்தபின், இவ்விதழின் அன்பர்களுள் இருபதின்மருக்கு மிகாமல் சேர்ந்து ஒரு பயணம் செல்ல எண்ணியுள்ளோம். கூடலூரில் தங்கல், இரண்டு பகல்கள், மாலை ஆறு மணிக்குமேல் எவரும் காட்டுச் சாலையில் இருத்தல் கூடாது. உணவு மலையூர்ப் பெண்கள் சமைத்துத் தருவது. அதற்குரிய தொகை அவர்கள் கையிலேயே நேராகக் கொடுக்கப்படும். வர விரும்புவோர் பெயரை எழுதி விடுக்கலாம். பாட்டுப் பெட்டியின்றிப் பயணம் செய்ய இயலாத அன்பர்கள் எழுத வேண்டா.